காங்கேசன்துறை: சீமெந்து சமைத்த ஊர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே சீமெந்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னால் உங்களிற் சிலர் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகிவிடக் கூடும். சற்றுப் பொறுத்திருங்கள். பட்டினப்பாலையை எடுத்துப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே மலைபோற் குவிந்த மூடைகளும், அவற்றின்மீது புலி இலச்சினை பொறிக்கும் சுங்கக் காவலரும், அந்தப் பாட்டின் தலைவன் பிரிய மறுக்கும் காதலிக்குச் சற்றும் குறையாத அக்கறையோடு அங்கே சொல்லப்படுகிறார்கள். மதுரைக்காஞ்சியிலே சங்கு அறுப்பவரும் பொன் உரைத்துப் பார்ப்பவரும் வருகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டி வருகிறது. தொழில் செய்யும் ஊர் பாட்டுக்கு ஆகாத பொருள் என்று நமது பழம் புலவர் யாரும் நினைத்ததில்லை. அந்த நினைப்பு நமக்கு எப்போது வந்தது என்பது வேறொரு நாளைக்குரிய பேச்சு.

நான் சொல்ல வந்த ஊர் காங்கேசன்துறை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து வடக்கே சுமார் 18 கிலோமீற்றர். அதற்கப்பால் கடல். கொழும்பிலிருந்து வரும் வடபகுதி ரயில் பாதை முடிவதும் அங்கேதான். 1893இல் எழுப்பிய வெளிச்சவீடு ஒன்று உண்டு. ரயில் வருவதற்கு முன்பே அது கப்பலுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது.

பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலை நீரூற்றில் நீராடி முகம் மாறப்பெற்றாள் என்பதும், மாவிட்டபுரத்திலே கோயில் எடுத்தாள் என்பதும், அந்தக் கோயிலுக்கான காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய கயாத்துறையே பின்னர் காங்கேசன்துறை ஆயிற்று என்பதும் நாம் சிறுவயதில் கேட்ட தலபுராணம். காங்கேயன் என்றால் முருகன். பிற்காலத்திலே தொழிற்சாலை எழுந்தபோது அதன் சீமெந்துக்கும் 'காங்கேசன்' என்றே பெயர் வந்தது. தென்னிலங்கையில் பாலம் கட்டிய கொத்தனுக்கும், மலைநாட்டில் அணை கட்டிய பொறியியலாளருக்கும், தெரிந்தோ தெரியாமலோ, முருகன் பெயர் எழுதிய பைதான் கையிற் கிடைத்தது. இந்தப் பொருத்தத்தை எண்ணி நான் இன்றைக்கும் ரசிப்பதுண்டு.

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரு சுண்ணாம்புப் பாறையின்மேல் இருக்கிறது. மயோசீன் காலத்திலே கடலடியிற் படிந்து இறுகிய பாறை. எங்கள் முன்னோர் அந்தக் கல்லைச் சுட்டு நீற்றிச் சுவர் கட்டினார்கள், வெற்றிலைக்கும் பூசினார்கள். அதே கல்லோடு களிமண்ணைச் சேர்த்து அரைத்து உயர்ந்த சூட்டிலே எரித்தால் சீமெந்து வரும் என்பது பின்னாளில் வந்த அறிவு. கல் இங்கே உண்டு. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயில் பெட்டிகளில் வந்தது. துறைமுகமும் ரயிலும் வாசலில் நின்றன. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950ஆம் ஆண்டில், இலங்கையின் முதலாவது சீமெந்துத் தொழிற்சாலை காங்கேசன்துறையிலே உற்பத்தியைத் தொடங்கியது. வாழைச்சேனைக் காகித ஆலையையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் இதோடு சேர்த்து அவர் பெயரால் நினைவுகூர்வது எங்கள் பக்கத்து வழக்கம். 1956இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். காலியிலே சீமெந்து ஆலை வந்தபோது அங்கே அரைப்பதற்குக் கிளிங்கர் இங்கிருந்து போயிற்று. 1981இல் பழைய ஆலைக்குப் பக்கத்திலே 'லங்கா சீமெந்து' என்ற நிறுவனமும் வந்து சேர்ந்தது.

ஆண்டுகளை இப்படி அடுக்கிக்கொண்டு போனால் இது கைந்நூலாகிவிடும். அந்த ஆலைக்குள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லுகிறேன். இதை நான் புத்தகத்திற் படிக்கவில்லை, என் தகப்பனாரிடம் கேட்டறிந்தேன். அவர் அங்கே 'பேர்ணர்'. அதாவது சூளையின் நெருப்பைப் பார்க்கிறவர்.

சூளை என்றவுடன் செங்கட்டி சுடும் சூளையை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு பென்னம்பெரிய இரும்புக் குழாய். ஒரு கோச்சி ரயிலைச் சற்றுச் சரிவாகப் படுக்க வைத்து, அதை ஓயாமல் மெல்லமெல்ல உருட்டிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். உள்ளே நெருப்புச் செங்கல் பதித்திருக்கும். மேல்நுனியால் கல்லும் களிமண்ணும் அரைத்த கலவை இறங்கும். கீழ்நுனியிலிருந்து தீச்சுவாலை பாயும். கலவை உருண்டு உருண்டு கீழே வரவர அதன் ஈரம் போய், கரிவாயு போய், 1,450 பாகை செல்சியஸ் அளவிலே பாதி உருகி, நெல்லிக்காய் போலவும் புளியங்கொட்டை போலவும் கருஞ்சாம்பல் உருண்டைகளாகும். அதுதான் கிளிங்கர். அதை ஆறவிட்டு, சிறிதளவு ஜிப்சம் சேர்த்து, மாவாக அரைத்தால் சீமெந்து. ஜிப்சம் ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அது இல்லாட்டி மேசன் கரண்டி எடுக்க முன்னம் சாந்து இறுகிப்போடும். மனிசனுக்கு வேலை செய்ய அவகாசம் குடுக்கிறது ஜிப்சம்" என்றார் ஐயா.

தீச்சுவாலையை வெறுங்கண்ணாற் பார்க்க முடியாது. மரச்சட்டத்திலே பதித்த ஒரு கருநீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு முன்னே பிடித்துக்கொண்டு சிறிய துவாரத்தினூடாகப் பார்ப்பார்கள். மானிகள் இருந்தன, இல்லாமலில்லை. ஆனாலும் பழகிய பேர்ணர் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மஞ்சள் மிஞ்சினால் ஒன்று, வெள்ளை தட்டினால் ஒன்று. கலவை குழாயின் பக்கச் சுவரிலே எவ்வளவு உயரம் ஏறி விழுகிறது என்பதும் ஒரு கணக்கு. ஐயா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நெருப்பின் நிறங்களுக்கு அவரிடமிருந்த சொற்கள் என்னிடம் இல்லை. நானோ தமிழ் படிப்பிக்கிறவன்.

ஊரின் பொழுதை நிர்ணயித்தது கோயில் மணி பாதி, ஆலைச் சங்கு பாதி. காலைச் சங்குக்குத் தேநீர்க் கடையில் இடம் கிடையாது. பின்னேரச் சங்கு ஊதினால், சைக்கிள்கள் ஒரு கூட்டமாக வாசலால் வெளியே வரும். முறைவேலைக்காரர் வீட்டிலே பகலிற் பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. ஐயா இரவுவேலை முடித்து வந்து படுத்திருப்பார். எங்கள் வீட்டுப் பெண்கள் குசுகுசுவென்று பேசிப் பழகியதற்கு ஆலைதான் காரணம் என்று அம்மா பகிடியாகச் சொல்லுவா. ஆலைக் குவாட்டேர்ஸிலே கொழும்பிலிருந்தும் கண்டிப் பக்கத்திலிருந்தும் வந்த அலுவலர் குடும்பங்கள் இருந்தன. சிங்களப் பிள்ளைகளோடு பந்து விளையாடித் தமிழும் சிங்களமும் கலந்த ஒரு மொழியிலே சண்டை பிடித்ததாக என் அண்ணன்மார் சொல்லுவார்கள். எனக்கு அந்த நினைவு இல்லை. நான் அறிவறிந்தபோது அந்தக் குடும்பங்கள் போய்விட்டன.

எனக்கு நினைவிருப்பது சீமெந்துப் பைத் தாள். தடித்த, மண்ணிறமான, இரண்டு மூன்று மடிப்பாக வரும் தாள். உள்மடிப்பிலே தூசி படாத தாள் கிடைக்கும். ஆண்டுத் தொடக்கத்திலே எங்கள் வகுப்பில் எல்லாப் புத்தகங்களுக்கும் அதுதான் உறை. 'காங்கேசன்' என்ற எழுத்து வெளியே தெரியும்படி மடிப்பது ஒரு பெருமை. என்னுடைய முதலாவது பாலபாடத்திற்கும் அந்த உறைதான்.

ஆனால், நேயர்களே, இழந்துபோன ஊரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாவற்றையும் பொன்னாக்கிவிடுவார்கள். நானும் அதற்கு விலக்கல்லன். ஆகவே மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அம்மா கொடியிலே துணி போடமாட்டா. மாவிலை, பனையோலை எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். விடியற்பனி பட்டால் அந்தத் தூசி ஓட்டுக் கூரையிலே படலமாக இறுகிவிடும். சுரண்டினால் ஓடும் சேர்ந்து வரும். நெஞ்சுச் சளியோடு ஓய்வுபெற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இருமுவதை ஊரார் 'சீமெந்து இருமல்' என்றார்கள்.

தூசியையும் விடப் பெரியது தண்ணீர். யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் துளைகளுக்குள் இறங்கி, கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. அந்த நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலவியலாளர் கணக்கு. அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து நாற்பதடிக்கு உவர் ஏறிவரும். சீமெந்துக்காகக் கல் அகழ்ந்த குழிகள் அந்தப் பாறையிலே தோண்டப்பட்டவை. இன்று அவை நீர் நிறைந்த பெருங்குளங்களாகக் கிடக்கின்றன. பார்க்க அழகுதான், பச்சையும் நீலமுமாக. தூரத்திலிருந்து வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். அது குளமல்ல, திறந்து கிடக்கும் நிலத்தடி நீர் என்று தோட்டக்காரனுக்குத் தெரியும். ஆலையை மீளத் தொடங்குவது பற்றிய பேச்சு எழுந்த வேளைகளிலெல்லாம் ஊரிலே இரண்டு குரல்கள் எழுந்தன. வேலை வேண்டும் என்றது ஒன்று. கிணறு வேண்டும் என்றது மற்றது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. என் மனம் கிணற்றின் பக்கம். ஐயா உயிரோடிருந்தால் என்னோடு ஒரு கிழமை கதைத்திருக்கமாட்டார்.

1990 ஜூன் மாதத்திலே மீண்டும் யுத்தம் மூண்டது. ரயில் நின்றது. ஆலை நின்றது. காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டி, பலாலி, மாவிட்டபுரம் என்று வலிகாமம் வடக்கு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. 'எழும்பின' என்றுதான் எங்களூர்ச் சனம் சொல்லும். இருந்த இடத்திலிருந்து எழும்புவதுபோல. சில நாட்களில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை மடியிலே செருகிக்கொண்டு போனார்கள். பின்னர் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. ஐயா வீட்டிலிருந்து எடுத்தவை, அடையாள அட்டை, காணி உறுதி, சேர்ட்டுப் பையிலே அந்த நீலக் கண்ணாடி. கண்ணாடியை ஏன் எடுத்தார் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதன் பின்னர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிலும் உறவினர் கொட்டில்களிலும் கழிந்த ஆண்டுகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மாத்திரம் சொல்லுகிறேன். அந்தச் சூளைக் குழாய் சூடாக இருக்கும்போது அசையாமல் நிற்கக்கூடாது. நின்றால் தன் பாரத்தாலேயே நடுவில் வளைந்துவிடும். ஆலையை நிறுத்தினாலும், மின்சாரம் போனாலும், ஆறும்வரை அதை இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டேயிருக்க வேண்டும். கடைசி நாள் ஐயா வேலையில் இருக்கவில்லை. முகாமிலே பழைய ஆலைக்காரர் எவரைக் கண்டாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "கிளினை ஆறும்வரைக்கும் சுத்தினவங்களோ?" ஒருவர் ஓமென்பார். ஒருவர், "ஆர் அண்ணை நிண்டு சுத்திறது, உயிர் தப்பினது காணாதே" என்பார். இன்னொருவர், அதற்கு முன்பே நெருப்பு அணைத்தாயிற்று என்பார். வீடு என்ன ஆயிற்றென்று அவர் இப்படி விசாரித்ததை நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு அதிலே தீராத கோபம். 2009ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்த சில மாதங்களில், ஊரைப் பார்க்காமலே அவர் காலமானார்.

இனிச் சற்றுத் தூரத்திலுள்ள ஓர் ஊரைப் பற்றி. பிரித்தானியாவிலே வேல்ஸ் என்ற நாடு. அங்கே வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சில புகைப்படங்களையும் ஒரு கையேட்டையும் அனுப்பினார். மலைகளுக்கிடையே பிளைனாவன் என்ற சிறிய பட்டினம். 1789இலே அங்கே இரும்பு உருக்கத் தொடங்கினார்கள். பிறகு நிலக்கரி. இருநூறு ஆண்டு மண்ணைக் கிண்டினார்கள், மலையிலே மண்மேடுகள் எழுந்தன, நெஞ்சுகளிலே கரி படிந்தது. 1980இல் 'பிக் பிற்' என்ற கரிச்சுரங்கம் மூடப்பட்டது. ஊர் செத்தது என்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சுரங்கத்தையே நூதனசாலையாகத் திறந்தார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பு முழுவதையும் உலக மரபுரிமையாக்கியது. இன்றும் அங்கே போகிறவர்களை மூன்னூறு அடி ஆழத்துக்கு இறக்குகிறார்கள். தீப்பொறி பயத்தால் கைக்கடிகாரத்தையும் கைத்தொலைபேசியையும் மேலே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அழைத்துச் செல்கிறவர் யார் தெரியுமா? பழைய சுரங்கத் தொழிலாளி. தான் கரி வெட்டிய சுவரைத் தானே தொட்டுக் காட்டுகிறார். அந்த ஊரைக் களமாக வைத்து அலெக்சாந்தர் கோடெல் என்பவர் 1959இல் எழுதிய நாவல் உலகெங்கும் விற்பனையானது.

கையேட்டைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அங்கே சுரங்கம் மூடியபோது தொழிலாளி வேலையை இழந்தான். வீட்டை இழக்கவில்லை. அடுத்த தெருவிலே இருந்தான். மூன்று வருடங்களில் திறந்த நூதனசாலைக்கு நடந்தே வந்தான். எங்கள் ஆலைக்காரர் எங்கே? ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் வவுனியாவில், ஒருவர் பாரிஸ் புறநகரிலே மகளின் வீட்டில், பலர் மண்ணுக்குள். ஆலையிலே இரும்பாக இருந்ததெல்லாம் கழற்றப்பட்டுப் போய்விட்டது. குழாய் இல்லை, உருளை இல்லை, சங்கும் இல்லை. கொங்கிறீற் கூடுகள் மாத்திரம் நிற்கின்றன. தானே செய்த சீமெந்தாற் கட்டியவை. அவற்றைப் பிரித்து விற்க முடியாது.

இன்றைய காங்கேசன்துறை எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையிலே மீனவர் கைக்கு வந்தது. இன்னும் எல்லாக் காணியும் வந்தபாடில்லை. திரும்பியவர்கள் முதலிற் செய்த வேலை, வீட்டுக்குள்ளே வளர்ந்திருந்த மரத்தை வெட்டலாமா விடலாமா என்று யோசித்ததுதான். எங்கள் மண்டபத்தில் ஒரு வேம்பு நின்றது. ரயில் 2015 ஜனவரி 2ஆம் திகதி மீண்டும் காங்கேசன்துறை வரை வந்தது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரிலே கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றுபோய், 2024 ஓகஸ்டிலே மறுபடி ஓடத் தொடங்கியது. சென்ற வருகையின்போது துறைமுக வாசலிலே நாகபட்டினத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கண்டேன். நல்லூருக்குப் பேருந்து எங்கே ஏறுவது என்று கேட்டார்கள். சொல்லிவிட்டு, இது என்ன ஊர் தெரியுமா என்று கேட்கலாமா என நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளிலே கடற்கரைக்குப் பிள்ளைகுட்டிகளோடு சனம் வருகிறது. கச்சான் விற்கிறார்கள், பட்டம் விடுகிறார்கள். ஆலைப் பக்கமாகக் கைகாட்டி ஒரு பிள்ளை, "அது என்ன, கோட்டையோ?" என்று தகப்பனைக் கேட்டது. அந்தத் தகப்பனுக்கும் முப்பது வயதுதான் இருக்கும்.

இங்கேதான் இலக்கியத்தின் பேச்சு வருகிறது. தேயிலைத் தோட்டத்துக்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' உண்டு. வாடி அமைத்து மீன்பிடித்தவருக்குச் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' உண்டு. சாதியால் ஒடுக்கப்பட்டோருக்குக் கே. டானியலின் 'பஞ்சமர்' உண்டு. தமிழகத்திலே கு. சின்னப்பபாரதி சர்க்கரை ஆலைக்கும் கரிச்சுரங்கத்துக்கும் நாவல் எழுதினார். எங்கள் யாழ்ப்பாணத்துக் கதைகளிலே தோட்டக்காரன் வருவான், மீனவன் வருவான், உத்தியோகத்தன் வந்துகொண்டேயிருப்பான். சூளைக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்றவன் வாசற்படியோடு நின்றுவிட்டான். மாதச் சம்பளத்தால் அவன் உத்தியோகத்தன், கைத்தழும்பால் அவன் தொழிலாளி. நம்முடைய முற்போக்கு எழுத்தாளருக்கு அவன் போதிய அளவு ஏழையாக இல்லை. மற்றவர்களுக்குப் போதிய அளவு படித்தவனாக இல்லை. இது என்னுடைய அபிப்பிராயம். மறுப்பவர்கள் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன்.

உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஆலையில் வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வாயிலிருந்து பத்துச் சொல் எழுதி வரவேண்டும். அகராதியில் இருக்கும் சொல் வேண்டாம். பிள்ளைகள் கொண்டு வந்தவற்றைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். 'கிளின்', 'பேர்ணர்' போன்ற ஆங்கிலத் திரிபுகள் வரும் என்று எதிர்பார்த்தேன். அவை வந்தன. கூடவே, சூளையின் உட்சுவரிலே கலவை ஒட்டிப் பிடித்து வளையமாகக் கட்டுவதற்கு 'மாலை' என்ற சொல் வந்தது. மாலை விழுந்தால் வழி அடைபடும், உற்பத்தி நிற்கும். 'கிளினுக்கு மாலை விழுந்திட்டுது' என்றால் அன்றைக்கு எல்லாருக்கும் மேலதிக வேலை. இரவுவேலைக்காரர் விடியற்காலையில் வாங்கும் தேநீருக்கு 'கழுவல்' என்று பெயராம். தொண்டைத் தூசியைக் கழுவுவதால். இவை ஆலை முழுவதும் வழங்கினவோ ஒரு பகுதியில் மாத்திரம் வழங்கினவோ, பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று பேரைக் கேட்கவேண்டும். கேட்க ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பட்டியலில் எழுதியிருந்த இருவர், பிள்ளைகள் இரண்டாம் முறை போவதற்கு முன்னே காலமாகிவிட்டார்கள்.

ஐயாவோடு வேலை செய்த ஒருவர் மாவிட்டபுரத்திலே இருக்கிறார். வயது எழுபத்தைந்துக்கு மேல். மாமா என்றுதான் அவரை அழைத்துப் பழக்கம். போன தைப்பொங்கலுக்குப் பின்னர், மாணவி ஒருத்தியையும் அவளுடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். நீலக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். சட்டத்தின் ஓரம் உடைந்திருக்கிறது. அவர் அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. விரலாலே தடவிப் பார்த்துவிட்டு மாணவியிடம் கொடுத்தார்.

நான் கேட்டேன், ஐயா கேட்ட அதே கேள்வியை.

"எனக்குத் தெரியாது தம்பி," என்றார். "நான் முதல் நாளே வெளிக்கிட்டிட்டன். கொப்பர் கேக்கேக்கை ஓமெண்டு சொன்னன். பொய்தான். அந்த மனிசன்ரை முகத்தைப் பாத்து வேறை என்னத்தைச் சொல்லிறது."

மாணவி பேனையை மூடிவிட்டாள். அவர் அவளைப் பார்த்து, "எழுது பிள்ளை" என்றார். "எப்பிடிச் சுத்திறதெண்டு சொல்லிறன். நெருப்பை அணைச்ச உடனை முதல் கொஞ்ச நேரம் நிக்க விடேலாது, மெதுவாச் சுத்திக்கொண்டே இருக்கவேணும். பிறகு பத்து நிமிசத்துக்கு ஒருக்காக் கால் வட்டம். பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா. மழை பெய்தா விடாமல் சுத்தவேணும், ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தாலும் வளையும். கையை வைச்சாச் சுடாது எண்டு வாற வரைக்கும்."

"எவ்வளவு நேரம் எடுக்கும் அப்பப்பா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு மூண்டு நாள்," என்றார் அவர். "ஆக்கள் நிக்கவேணும்."